வானத்தைப் படமெடுக்க எந்தச் சென்சார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கி வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கூடுமானவரை கேட்டவர்களின் போக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. போகப்போகச் சிக்கல் கூடும். கணக்கு பிடிக்காதவர்கள் பல இடங்களைத் தாண்டிப் போகலாம். ஆனால் பிக்சல் அளவைப் பற்றிய ஐந்தாம் கேள்வியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

எது நல்ல கேமரா? சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள்.

அதற்கு முன் நீங்கள் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்? உங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டர்? இவை தெரியாமல் கேமரா கேட்பது, கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்பது போன்றது. சென்சார் என்பது கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லு; தன்னளவில் நல்ல சென்சார் என்று ஒன்று கிடையாது. இந்தத் தொலைநோக்கிக்கும் இந்த வானத்துக்கும் பொருந்துவது, பொருந்தாதது என்றுதான் உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தோடு சேர்ந்து திருப்பும் மவுண்ட் ஆட்டம் காண்கிறது என்றால் கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிட்டால் அதை எந்தச் சென்சாராலும் சரிசெய்ய முடியாது.

கோளுக்கு ஒரு கேமரா, நெபுலாவுக்கு வேறு கேமரா என்கிறார்கள். இது வியாபாரத் தந்திரம்தானே?

இல்லை. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர் வேலைகள். வியாழன் மிக அருகில் வரும்போதும் அதன் வட்டு 50 விகலை அளவுதான் இருக்கும் (பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). சிறியது, ஆனால் நல்ல வெளிச்சம். அதைக் காணொளியாக எடுத்து, ஆயிரக்கணக்கான பிரேம்களில் காற்று அசையாமல் நின்ற கணங்களில் பதிந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குகிறோம். இதற்குச் சிறிய, வேகமான, யுஎஸ்பி 3 இணைப்புள்ள சென்சார் போதும், குளிரூட்டி தேவையில்லை. வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாகவே தன்னைச் சுற்றிவிடுவதால் காணொளி இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டினால் விவரங்கள் கலையத் தொடங்கும். வேகம் அதனால்தான் முக்கியமாகிறது.

நெபுலா என்கிற விண்வெளி வாயு மேகம் பெரியது, மங்கலானது. ஒவ்வொரு படமும் நிமிடக்கணக்கில், மொத்தம் மணிக்கணக்கில் ஒளி சேர வேண்டும். அங்கே சென்சாரின் பரப்பும் வெப்ப இரைச்சல் (வெப்பத்தால் படத்தில் சேரும் பொய்ப் புள்ளிகள்) குறைவாக இருப்பதும்தான் பேச்சு. வேகம் யாருக்கும் வேண்டாம்.

வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் சும்மா கிடக்கிறது. அது போதாதா?

தொடங்கப் போதும். பால்வெளி, ஓரியன் நெபுலா, சுமார் மூன்று பாகை நீளத்துக்குப் படர்ந்திருக்கும் ஆண்ட்ரோமெடா மண்டலம் ஆகியவற்றை அதில் தாராளமாக எடுக்கலாம். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா தானாகச் செய்யும் நீண்ட வெளிப்பாட்டு (எக்ஸ்போஷர்) இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது உங்கள் இரவில் பாதியைத் தின்றுவிடும்.

குறை இரண்டு. சூடேறினால் இரைச்சல் கூடும் என்பது ஒன்று. அதற்குப் பின்னால் வருகிறேன். மற்றது, சென்சாருக்கு முன்னால் தயாரிப்பாளர் பொருத்தியிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர். சிவப்பு நெபுலாக்கள் ஒளிர்வது 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியில். சாதாரண கேமராவின் ஃபில்டர் அதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் உள்ளே விடுகிறது. அந்த ஃபில்டரை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்களே வானுக்கென்று வெளியிட்ட கேமராக்களும் உண்டு: கேனன் 20டிஏ (2005), 60டிஏ (2012), நிகான் டி810ஏ (2015), கேனன் ஈஓஎஸ் ஆர்ஏ (2019). பயன்படுத்தியது நல்ல விலைக்குக் கிடைத்தால் தயங்காதீர்கள்.

என் செல்பேசியில் 108 மெகாபிக்சல். நீங்கள் பரிந்துரைக்கும் கேமராவில் 9 மெகாபிக்சல்தான். விளக்க முடியுமா?

அந்தச் செல்பேசியின் ஒரு பிக்சல் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அகலமுடையது. ஒன்பது பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் அதுவே பெரும்பாலும் தருகிறது. நீங்கள் குறிப்பிடும் கேமராவில் உள்ள, சோனியின் ஐஎம்எக்ஸ் 533 சென்சாரில் 3008-க்கு 3008 பிக்சல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 3.76 மைக்ரான். மெகாபிக்சல் என்பது எண்ணிக்கை மட்டுமே. நமக்கு வேண்டிய அளவு அடுத்த கேள்வியில் இருக்கிறது.

பிக்சல் அளவையும் குவியத் தூரத்தையும் எப்படிப் பொருத்துவது?

பிக்சலின் அகலத்தை மைக்ரானில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை 206.265-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையைப் பார்க்கிறது என்று வரும். 3.76 மைக்ரான் பிக்சலோடு 400 மி.மீ. தொலைநோக்கி என்றால் 1.94 விகலை. 1000 மி.மீ. என்றால் 0.78. 2000 மி.மீ. என்றால் 0.39.

இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? வளிமண்டல நடுக்கம் நீண்ட வெளிப்பாட்டில் ஒரு நட்சத்திரத்தை எவ்வளவு அகலமாக்குகிறது என்பதோடு. பெரும்பாலான இடங்களில் அது 2 முதல் 4 விகலை வரை. அந்த அகலத்தின் மேல் இரண்டு மூன்று பிக்சல்கள் விழுந்தால் போதும். எனவே பிக்சலுக்கு 1 முதல் 2 விகலை வரை வருவது வசதியான இடம். 0.4-க்கு இறங்கினால் விவரம் கூடாது. மங்கிய புள்ளி பெரிய மங்கிய புள்ளியாகும், அவ்வளவுதான். கேமரா லென்ஸில் 4 விகலை வந்தாலும் பால்வெளிக்கு ஒரு கேடும் இல்லை. நட்சத்திரங்கள் சற்றுக் கட்டம் கட்டமாகத் தெரியலாம்.

கோள்களுக்கு இந்த எல்லை பொருந்தாது. அங்கே காற்று அமைதியான கணங்களை மட்டும் பொறுக்குகிறோம் அல்லவா? அதற்கான விதி வேறு: பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் சுமாரான எஃப் எண் (குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது). 2.9 மைக்ரான் என்றால் எஃப்/15.

அப்படியென்றால் நான் தவறிவிட்டேன். 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் வகைத் தொலைநோக்கி, குவியத் தூரம் 2032 மி.மீ.; 3.76 மைக்ரான் கேமராவும் வாங்கியாகிவிட்டது. விற்றுவிடவா?

விற்க வேண்டாம். 0.63 மடங்கு குறைப்பான் ஒன்றைப் போட்டால் குவியத் தூரம் 1280 மி.மீ. ஆகும், பிக்சலுக்கு 0.61 விகலை. பிறகு கணினியில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்களை ஒன்று சேருங்கள். 1.21 விகலை வந்துவிடும். எண்ணிக்கை கால் பங்காகக் குறையும், ஆனால் இழந்த பிக்சல்களில் புதிய விவரம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு நுணுக்கம்: பழைய சிசிடி சென்சார்கள் நான்கு பிக்சல்களின் மின்னூட்டத்தைச் சேர்த்துவிட்டு ஒருமுறை வாசிக்கும், வாசிக்கும்போது சேரும் வாசிப்பு இரைச்சலும் ஒருமுறைதான். இன்றைய சிமாஸ் சென்சார்களில் நான்கையும் தனித்தனியாக வாசித்த பிறகே கூட்டுகிறோம். அந்த இரைச்சல் இருமடங்காகும். ஒரு எலக்ட்ரானோ இரண்டோ என்கிற அளவில் தொடங்குவதால் அது நம்மைப் பாதிப்பதில்லை. ஆகவே கேமராவின் மென்பொருளில் படமெடுக்கும்போதே சேர்த்தாலும் சரி, பிறகு சேர்த்தாலும் சரி, லாபம் கோப்பின் அளவில் மட்டுமே.

பெரிய பிக்சல் அதிக ஒளி பிடிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

பாதி உண்மை. ஒளியைச் சேகரிப்பது தொலைநோக்கியின் விட்டம். சென்சார் அதைப் பங்கு போடுகிறது. பெரிய பிக்சலுக்கு ஒவ்வொன்றிலும் அதிக ஒளி விழுகிறது என்றால், அது வானத்தில் அதிக இடத்தைப் பார்க்கிறது என்பதே காரணம். முந்தைய பதிலில் சொன்னபடி சிறிய பிக்சல்களை நான்காகச் சேர்த்தால் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கடன் வாங்கியாவது முழு பிரேம் சென்சார் வாங்கிவிட்டால் எதிர்காலத்துக்கும் ஆகும் அல்லவா?

பெரும்பாலானவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஐஎம்எக்ஸ் 455 போன்ற முழு பிரேம் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவுள்ள) சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீ. அந்த மூலை வரை நட்சத்திரங்களைப் புள்ளியாக வைத்திருக்கும் தொலைநோக்கிகள் குறைவு, விலையும் அதிகம். ஃபில்டர்கள் 2 அங்குலமாக வேண்டும். தளத் திருத்தியிலிருந்து (ஓரம் வரை நட்சத்திரங்களைச் சீராக்கும் லென்ஸ்) சென்சாருக்கு உள்ள தூரம், வழக்கமான 55 மி.மீ., கொஞ்சம் பிசகினாலும் மூலைகள் வால் முளைத்துக் காட்டிக்கொடுக்கும். சென்சார் நூலிழை சாய்ந்திருந்தாலும் அப்படியே. 61 மெகாபிக்சலில் ஒரு படம் 120 மெகாபைட்டுக்கு மேல். இருநூறு படங்களை அடுக்கும்போது உங்கள் கணினி என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

400 மி.மீ. தொலைநோக்கியில் முழு பிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுள்ள ஐஎம்எக்ஸ் 571 சுமார் 3.4-க்கு 2.2 பாகையைக் காட்டும். ஆண்ட்ரோமெடா அதில் அடங்கும். சதுரமான ஐஎம்எக்ஸ் 533 அதே தொலைநோக்கியில் 1.6 பாகை காட்டும். ஓரியன் நெபுலாவுக்கும் பெரும்பாலான நெபுலாக்களுக்கும் அது தாராளம். அதன் மூலைவிட்டம் வெறும் 16 மி.மீ.; தொலைநோக்கியின் ஓரக் குறைகள் எவையும் அதற்குத் தெரியாது. அளவான பணத்தில் நிம்மதி வேண்டுமென்றால் அதுதான் என் தேர்வு.

வண்ணச் சென்சாரா, கறுப்பு வெள்ளையா?

அடிப்படையில் இரண்டும் ஒரே சிலிக்கான். வண்ணச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிறச் சல்லடை ஒட்டியிருக்கும்: நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியை இதில் நான்கில் ஒரு பிக்சல்தான் சரியாகப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளையில் எல்லாப் பிக்சல்களும் பார்க்கின்றன. ஆனால் நிறம் வேண்டுமென்றால் ஃபில்டர் சக்கரம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபில்டர், தனிப் படங்கள், தனிப் பிளாட் பிரேம்கள் (தூசி நிழலையும் ஓர இருட்டையும் நீக்கச் சமமான வெளிச்சத்தில் எடுப்பவை) என்று வேலை பெருகும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம்பகமான தெளிந்த இரவுகள் பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் முடித்து, நீலத்துக்கு மேகம் வந்தால் கையில் பாதிப் படம்தான் இருக்கும். வண்ணத்தில் எப்போது மேகம் வந்தாலும் அதுவரை எடுத்தது முழுப் படம். முதல் கேமரா வண்ணமாக இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விதிவிலக்கு, நகரத்து மொட்டை மாடியை விட்டு நகர முடியாதவர்கள். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம் ஆகியவற்றின் குறுகிய அலைநீளங்களை மட்டும் விடும் ஃபில்டர்களோடு கறுப்பு வெள்ளைச் சென்சார் நெபுலாக்களில் செய்வது வியப்பானது. வண்ணச் சென்சாரிலும் 656.3 (ஹைட்ரஜன்), 500.7 (ஆக்ஸிஜன்) நானோமீட்டர் இரண்டையும் ஒருசேர விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டு நடுவழி ஒன்றைப் பிடிக்கலாம். சூரியனை ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் எடுக்கப் போகிறவர்களும் கறுப்பு வெள்ளையே வாங்குங்கள். சூரியன் என்றதும் சொல்லிவிடுகிறேன்: அதற்கென்றே செய்த ஃபில்டர் இல்லாமல் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது.

குளிரூட்டி உள்ள கேமரா இருமடங்கு விலை. நம் ஊரில் அவசியமா?

குளிர்நாட்டுக்காரர்களைவிட நமக்குத்தான் அவசியம். ஒளி படாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கசியும். வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும்போதெல்லாம் இந்தக் கசிவு பாதியாகிறது. இரவு 28 டிகிரி செல்சியஸ் இருக்கையில் சென்சாரை மைனஸ் 2-க்கு இறக்கினால் 30 டிகிரி வித்தியாசம். ஐந்து முறை பாதி. 32-இல் ஒரு பங்கு.

இணையத்தில் எல்லோரும் மைனஸ் 10 வைக்கச் சொல்வார்கள். இந்தக் கேமராக்களின் குளிரூட்டி பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரைதான் இறக்கும். 28 டிகிரி இரவில் மைனஸ் 10 கேட்டால் அது முழு மூச்சில் ஓடியும் எட்டாது. வெப்பநிலை ஒரு நிலையில் நிற்காவிட்டால் டார்க் பிரேம்கள் (வெப்பக் கசிவைக் கழிக்க மூடிபோட்டு எடுக்கும் படங்கள்) பொருந்தாது. குளிரூட்டியின் பயனே போய்விடும். நம் ஊர்ச் சமவெளிக்கு 0 அல்லது மைனஸ் 5 என்று ஒன்றை முடிவு செய்து ஆண்டு முழுவதும் அதிலேயே எடுங்கள். டார்க் பிரேம்களை மழை நாளில் மூடிபோட்டு எடுத்துச் சேமித்து வைக்கலாம். குளிரூட்டிக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரம் தேவை. மலைக்குப் போகிறவர்கள் பேட்டரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டியைப் போட்ட அரை மணி நேரத்தில் படத்தின் நடுவில் மங்கலான திட்டு வருகிறது. கேமரா பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை, ஈரம். சென்சார் அறைக்குள் நீராவி இருந்தால் குளிர்ந்த சென்சார் மேல் அது பனியாகப் படியும். வெளியே இருந்தால் முன்கண்ணாடியில் வியர்க்கும். கடலோர ஊர்களில் இது வழக்கமான தொல்லை. கண்ணாடியைச் சூடாக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. மென்பொருளில் அது அணைந்திருக்கும், இயக்கிவிடுங்கள். அதிலும் போகாவிட்டால் அறைக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் வில்லைகளை மாற்ற வேண்டும் அல்லது சூடேற்றி உலர்த்த வேண்டும். கேமராவை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சையும் அண்டாது.

கெயின் எவ்வளவு வைப்பது? ஐஎஸ்ஓ போலத்தானா?

அதே வகைதான், சென்சாரின் மின்குறியைப் பெருக்கும் அளவு. கெயினைக் கூட்டினால் ஒளி கூடுவதில்லை; வாசிப்பு இரைச்சல் குறையும், ஒரு பிக்சல் நிரம்பாமல் ஏற்கும் அளவும் குறையும். இன்றைய சென்சார்கள் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட கெயினில் உள்ளிருக்கும் மின்சுற்று மாறி, வாசிப்பு இரைச்சல் சட்டென்று கீழே விழும். ஐஎம்எக்ஸ் 571 உள்ள இசட்டபிள்யூஓ (ZWO) நிறுவனக் கேமராவில் அது கெயின் 100. இரைச்சல் அங்கே ஏறக்குறைய 1.5 எலக்ட்ரான். வேறு நிறுவனத்தின் கேமராவில் அதே புள்ளிக்கு வேறு எண் இருக்கும். எனவே நண்பரின் எண்ணை நகலெடுக்காமல் உங்கள் கேமராவின் வரைபடத்தைப் பாருங்கள்.

12 பிட், 14 பிட், 16 பிட்: வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

ஒரு பிக்சலின் வெளிச்சம் எத்தனை படிநிலைகளாகப் பதிவாகிறது என்பதைத்தான் பிட் சொல்கிறது. கோள்களில் தெரியாது, ஆயிரக்கணக்கில் அடுக்குவதால் இடைநிலைகள் தாமாக நிரம்பும். நெபுலாவில் ஓரியனின் பளிச்சென்ற மையமும் மங்கிய விளிம்பும் ஒரே படத்தில் வேண்டும்போது 14-உம் 16-உம் உதவும். இதற்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

நல்ல சென்சார் வாங்கினால் சென்னை வானத்தின் ஒளி மாசு குறையுமா?

குறையாது. தெருவிளக்கின் ஒளியையும் சென்சார் அதே அக்கறையோடுதான் பதிவு செய்யும். நகரத்தில் வானத்தின் இரைச்சலே மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவதால், 1 எலக்ட்ரான் இரைச்சலா 3 எலக்ட்ரானா என்று சென்சார்களை ஒப்பிடுவதற்கு அங்கே பொருளே இல்லை. குறுகிய வெளிப்பாடுகளாக நிறைய எடுத்தால் போதும். இருண்ட இடத்திலும் குறும்பட்டை ஃபில்டரிலும்தான் அந்த எண்கள் உயிர்பெறுகின்றன.

நெபுலாவுக்கு ஃபில்டர் உதவும் என்று மேலே சொன்னேன். விண்மீன் மண்டலங்கள் எல்லா அலைநீளத்திலும் ஒளிர்வதால் அவற்றுக்கு அந்த வழி இல்லை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை நகர வெளிச்சத்துக்கு எட்டாத ஜவ்வாது மலையில் ஏன் வைத்தார்கள் என்று யோசியுங்கள். சென்சாருக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தில் பெட்ரோல் போட்டு அப்படியொரு இடத்துக்குப் போய்வருவது மேல்.

பயன்படுத்திய சிசிடி கேமரா மலிவாக வருகிறது. அறிவியலுக்கு அதுதானே நல்லது?

ஒரு காலத்தில் அப்படித்தான். 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடிக்காக 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-இல் சோனி சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதே காற்று மாறிவிட்டது. பலர் கொண்டாடிய கோடாக்கின் கேஏஎஃப்-8300 நல்ல சென்சார்தான்; 5.4 மைக்ரான் பிக்சல். ஆனால் வாசிப்பு இரைச்சல் 8 எலக்ட்ரான் அளவில் இருப்பதால் ஒவ்வொரு படமும் நீளமாக வேண்டும், அதற்கு மவுண்டும் ஈடுகொடுக்க வேண்டும். புதிய கணினிகளில் டிரைவர் கிடைக்காத தலைவலியும் உண்டு. மிக மலிவு என்றால் மட்டும் பாருங்கள்.

நான்கு நிறுவனங்கள் ஒரே ஐஎம்எக்ஸ் 571 சென்சாரை நான்கு விலையில் விற்கின்றன. எதற்குக் கூடுதல்?

படத்தைப் பார்த்து எது எந்த நிறுவனம் என்று சொல்ல முடியாது. விலை வேறுபடுவது குளிரூட்டி, உள்நினைவகம், கண்ணாடி சூடாக்கி, சாய்வைச் சரிசெய்யும் தட்டு, டிரைவரின் தரம் ஆகியவற்றில். முக்கியமாக மென்பொருள் கட்டுப்பாட்டைக் கவனியுங்கள். கேமராவையும் மவுண்டையும் இயக்கும் இசட்டபிள்யூஓவின் ஏசியேர் பெட்டி, வானியல் கேமராக்களில் அந்நிறுவனத்தினவற்றோடு மட்டுமே இயங்கும். அந்தப் பெட்டியை வாங்கியவருக்குத் தேர்வு அங்கேயே முடிந்தது.

சீஸ்டார் போன்ற, கேமராவும் மவுண்டும் சேர்ந்தே வரும் ஸ்மார்ட் தொலைநோக்கியில் உள்ள சென்சார் தரமற்றதா?

சீஸ்டார் எஸ்50-இல் இருப்பது ஐஎம்எக்ஸ் 462, 2.9 மைக்ரான், 2 மெகாபிக்சல். அதன் 250 மி.மீ. குவியத் தூரத்துக்கு ஐந்தாம் கேள்வியின் கணக்கைப் போட்டால் 2.4 விகலை வரும். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. குறை பரப்பில்: 1.3-க்கு 0.7 பாகைதான், ஆண்ட்ரோமெடா அடங்காது. தனித்தனியாகப் பாகங்களை வாங்கிப் பொருத்தத் தயங்குகிறவர்களுக்கு நான் இதையே காட்டுகிறேன்.

கோளும் நெபுலாவும் ஒரே கேமராவில் வேண்டும். வழியே இல்லையா?

சமரசம் உண்டு. ஐஎம்எக்ஸ் 585 வேகமானது, பிக்சல் 2.9 மைக்ரான்; பரப்பு சுமார் 11-க்கு 6 மி.மீ. கோளுக்கு நன்று. குட்டையான தொலைநோக்கியில் நடுத்தர நெபுலாக்களுக்கும் ஆகும். குளிரூட்டியோடும் இல்லாமலும் வருகிறது. இரண்டையும் செய்ய வேண்டுமென்றால் எது வாங்க வேண்டும் என்பதை மேலே சொன்ன வெப்பக் கணக்கே முடிவு செய்துவிடும்.

பயன்படுத்திய கேமராவை நேரில் பார்த்து வாங்கப் போகிறேன். எதைச் சோதிப்பது?

மடிக்கணினியும் 12 வோல்ட் மின்சாரமும் கொண்டுபோங்கள். குளிரூட்டியை 0 டிகிரிக்கு வைத்து, அங்கே போய் நிற்கிறதா, ஊசலாடுகிறதா என்று பாருங்கள். மூடிபோட்டு ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்து, பிரகாசத்தை நன்றாக ஏற்றிப் பாருங்கள். சிதறிய வெள்ளைப் புள்ளிகள் இயல்பு. ஓரத்தில் சென்சாரின் சொந்த மின்சுற்றால் எழும் ஒளிர்வு தெரிந்தால் அந்தச் சென்சாருக்கே உரியதா என்று விசாரியுங்கள்; ஐஎம்எக்ஸ் 294-இல் அது இருக்கும், டார்க் பிரேமில் போய்விடும். 533, 571 இரண்டிலும் இருக்கக் கூடாது.

பிறகு அரை மணி நேரம் குளிரவிட்டு, வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு படம். ஈரத்தைப் பற்றிச் சொன்ன அந்த மங்கலான திட்டு இப்போது வந்தால் வில்லை மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். கூரான சிறு வளையங்கள் தூசி, துடைத்தால் போகும். கிளைவிட்டுப் படர்ந்த கோடுகள் பூஞ்சை. அதை விட்டுவிட்டு வேறு கேமரா தேடுங்கள். கடைசியாக யுஎஸ்பி கம்பியைச் செருகியபடியே லேசாக ஆட்டிப் பாருங்கள். இணைப்பு துண்டித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.